அட்டைப் பெண்ணுக்குக் கிடைத்த காவல்

தியேட்டர் வேலைக்கு வந்தால் முதலில் பழக வேண்டியது, கேட்கிற சத்தம் படத்துக்குள்ளா வெளியிலா என்று பிரித்தறிவது.

கைப்பிடி

பாப்கார்ன் கவுண்டரில் நிற்கும் தோழிகளே, உங்கள் தியேட்டரிலும் இதே கதையாகத்தான் இருக்கும். பெண்கள் உடை மாற்றும் அறைக்கு எங்களிடம் தாழ்ப்பாள் கிடையாது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிற நான், மாலைக் காட்சி இடைவேளை முடிந்ததும் அங்கே உட்கார்ந்துதான் தாய்ப்பால் எடுத்து வைப்பேன். அன்று இருட்டியபின், சுவருக்கு அப்பால் படத்தில் குண்டு வெடித்துக்கொண்டிருக்க, நடுவே 'கிர்ர்ரக்' என்று ஒரு சத்தம். கதவின் கைப்பிடி திரும்பியது. காலை நீட்டிக் கதவை மிதித்தபடி, "ஆளிருக்குங்க!" என்றேன். பாதிக் குரல்தான் வந்தது. கான்வென்ட்டில் சத்தம் போடாதே என்றே வளர்த்துவிட்டார்கள். வெளியே நின்ற ஆள் சாவகாசமாகச் சொன்னார்:

"டாய்லெட்டுன்னு நெனச்சுட்டனுங்க. ஏனுங்க அம்மணி, தாழ் போட்டுக்க வேண்டாமுங்களா?"

மருந்து

மேனேஜரிடம் போய்த் தாழ்ப்பாள் கேட்டேன். புது சூப்பர் ஹீரோ படத்தின் பரபரப்பில் இருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை.

"இந்தப் படத்தப் பாருங்க அம்மணி, பொம்பளைக்குத்தான் அத்தன பவரும். தைரியம் தானா வந்துருமுங்க."

பார்த்தேன்

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நாயகி ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துகிறாள். ஆனால் கேமரா அவள் கணுக்காலில் கிளம்பி முகத்துக்கு வந்து சேர்வதற்குள் ரயிலே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். எந்தச் சண்டையிலும் கிழிவது அவள் உடை மட்டும். பனிமலையில் நாயகன் கழுத்துவரை கவசத்தோடு நிற்க, இவள் கையில்லாத சட்டையில் நிற்கிறாள். எனக்கு முன்னால் உடுமலையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அக்காவுக்குக் குளிராதா என்று சின்னப் பெண் கேட்டாள். பவர் இருந்தால் குளிராது கண்ணு என்றார் அம்மா. குழந்தை யோசித்தது.

"அப்ப அந்த மாமனுக்குப் பவர் இல்லீங்களாம்மா?"

கயிறு

வாசலில் அதே நாயகியின் ஆளுயர அட்டை. வருகிற ஆண்களெல்லாம் இடுப்பில் கை போட்டுப் படம் எடுத்து, இரண்டாம் நாளே இடுப்பு பிய்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே சுற்றிலும் பித்தளைக் கம்பம், சிவப்புக் கயிறு, பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி! நேரே மேனேஜரிடம் போனேன். எங்கள் தாழ்ப்பாள் என்ன ஆனது என்று மறுபடியும் கேட்டேன்.

"இந்த அட்டை கம்பெனி சொத்துங்க. சேதமாச்சுன்னா நாந்தான் பதில் சொல்லோணும்."

க்ளைமாக்ஸ்

கூட வேலை பார்க்கும் ஜமீலாக்காவின் தம்பிக்கு உக்கடத்தில் இரும்புக்கடை. அக்கா சாப்பாட்டுப் பையில் தாழ்ப்பாளும் ட்ரில் மெஷினும் கொண்டுவந்துவிட்டார். சத்தம் மேனேஜருக்குக் கேட்டால் இரண்டு பேர் வேலையும் போகும். ஆனால் பாப்கார்ன் கவுண்டர்க்காரிகளுக்குத் தெரியாத க்ளைமாக்ஸா? படத்தில் சண்டை தொடங்கியதும் நாங்களும் தொடங்கினோம். கட்டடங்கள் சாயச் சாயத் துளை போட்டோம். கடைசித் துளைக்கு வரும்போது சுவருக்கு அப்பால் திடீரென்று நிசப்தம். நாயகி நாயகனின் மடியில் கிடக்கிறாள். ஜமீலாக்கா ட்ரில்லைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"பொறு கண்ணு, அழுது முடிச்சுட்டு மறுபடியும் அடிப்பான்."

அடித்தான், கடைசித் துளையும் விழுந்தது. அந்த இரைச்சலில் உலகம் எப்படிப் பிழைத்ததோ தெரியாது, நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.