ஒரு சிட்டிகை நெத்திலிப் பொடி

என் மகன் சேகரனின் உடம்பைக் கெடுத்தவள் நான்தான். என் மருமகள் மலர் இல்லை... நான்.

நீங்கள் யாரோ எவரோ. உங்களிடம் சொல்ல முடிகிறது. அடுப்படியில் நிற்கும் அவளிடம் முடியவில்லை.

சேகரனுக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் மூன்று தடவை டவுனுக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். அங்குள்ள தாதி எங்களை உட்காரவைத்துச் சொன்னாள்: எலும்புக்கும் பல்லுக்கும் பாஸ்பரஸ் வேண்டியதுதான், ஆனால் கிட்னி கெட்டவனுக்கு அது வெளியேறாது, இரத்தத்தில் தேங்கி, எலும்பிலுள்ள சுண்ணாம்பை உருவிவிடும். நெத்திலி, கருவாடு, டின் பால் ஆகாது.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் நெத்திலியைத் தலையோடு வறுத்துப் பொடித்துக் கொடுத்து, எழுப்பி நடக்கவைத்த கை இது! கொழுந்துக்கூடை சுமந்த என் முதுகு இன்னும் வளையவில்லை. நேற்றுப் படித்து வந்த தாதி எனக்குச் சாப்பாடு சொல்லித் தருவதா?

மலர் அவனுக்கென்று தனிச் சட்டியில் குழம்பு வைப்பாள். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அதில் பொடியைத் தூவினேன். முதலில் ஒரு சிட்டிகை... பிறகு கரண்டி. காலெல்லாம் குடைகிறது என்று அவன் முனகிய நாளில் இன்னும் கொஞ்சம். எலும்பு வலிக்கு முள்ளும் தலையுமாய் அரைத்த மீன்தானே மருந்து என்று நினைத்தேன்.

“இப்பதான் வாய்க்கு ருசியா இருக்கு புள்ள,” என்றான் மலரிடம். எனக்கு எவ்வளவு பெருமை!

பிறகு அரிப்பு வந்தது. தோல் உரிய முதுகைச் சுவரில் தேய்த்தான். பரிசோதனையில் பாஸ்பரஸ் ஏறிக் கிடந்தது. தாதி மலரைத்தான் கடிந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவனும் பிடித்துக்கொண்டான்.

“பாவம் பாத்து ருசிக்கு ஏதோ போட்டிருக்க. ஒத்துக்க லா.”

“நான் போடல. வாங்க, கோயில்ல சூடம் அணைக்கிறேன்.”

எஸ்டேட் மாரியம்மன் முன்னால், எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். தட்டை ஏந்தி நின்றவள் யார் தெரியுமா? நான்! தட்டு ஆடக்கூட இல்லை. ஒரு சொல் போதுமே... ஏன் வரவில்லை?

அன்றே மிச்சப் பொடியைக் கால்வாயில் கொட்டினேன். மனம் திருந்தி அல்ல, ஆத்தாளுக்குப் பயந்து. அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியது. சூடத்துக்குப் பயந்து மலர் நிறுத்திவிட்டாள் என்று சேகரன் முடிவு கட்டினான். பொய்ச் சத்தியம் செய்தவள் என்று லயமே பேசிற்று. நான் நிறுத்தியதே அவளுக்கு எதிரான சாட்சி ஆயிற்று!

பின்னொரு நாள் வாசற்படியில் சறுக்கியவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. எலும்பு முன்பே நொய்ந்திருந்ததாம். கோலூன்றி நடக்கிறான். பெண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்று சொல்லிவிடலாம் என்று எழுவேன், உட்காருவேன். மகன் முகத்துக்கு அஞ்சுகிறேனா? கைமருந்துக்காரி என்ற பேருக்கா? தெரியவில்லை... தெரியும்.

இதோ கூப்பிடுகிறாள்.

“அத்தை, அவருக்குக் குழம்பு இறக்கிட்டேன். குளிச்சிட்டு வந்துடுறேன். யாரும் எதுவும் போட்டுடாம நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்குங்க.”

தழும்பேறிய கையால் மணையை இழுத்துப் போடுகிறாள்.

நான் போய் உட்காருகிறேன்.