இரண்டு விமானக் கம்பெனிகளும் ஒரு விபூதிப் புதனும்

விமானப் பயணச்சீட்டு அந்தக் காலத்தில் ஒரு சிறு புத்தகம். தாளுக்குத் தாள் பின்புறம் சிவப்பு மை தடவியிருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும், விரலிலிருந்து சட்டைக்குப் போகும். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்து, அதன் முன்மூலையில் ஒரு மேசை போட்டு விமானச் சீட்டும் விற்ற ஹாஜியார், வளைகுடாவுக்கு குமாஸ்தா வேலைக்குப் புறப்பட்ட எனக்குப் போக வர எழுதிய சீட்டைத் தாள் தாளாகப் புரட்டிக் காட்டினார். "கொழும்புல இருந்து பம்பாய் வரைக்கும் ஒருத்தன் கொண்டுபோவான். அங்க இருந்து இன்னொருத்தன். திரும்பி வாறதும் இப்படித்தான். ஒரு வருஷம் செல்லும். பயப்பட வாணாம் தம்பி, ரெண்டு கம்பெனியும் சம்பந்திங்க மாதிரி. அவன் சீட்டை இவன் தட்டமாட்டான்." தடித்தடியாய்ப் புத்தகம் படித்தவன் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு. ஆனால் அதுவரை நான் செய்த மிக நீண்ட பயணம் மடுல்சீமைக்குப் பஸ்ஸில் போனதுதான். சம்பந்திகளைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்திருந்தால் அந்த உவமையிலேயே எச்சரிக்கை இருந்தது புரிந்திருக்கும்.

வருஷம் முடியும் தறுவாயில் என் கல்யாணம் நிச்சயமானது. பெண், ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கரின் மகள். மாமனாராக வரவிருந்தவருக்குப் பொறுமை உண்டு. பறித்த கொழுந்து வாடுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரத்துக்கு. பண்டாரவளை பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பையன் வீட்டாரும் பெண் கேட்டு அனுப்பியிருந்தார்கள் என்பதை அவர் என்னிடம் மறைக்கவில்லை, மறைக்க விரும்பவுமில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு மாத லீவு. சனிக்கிழமை வந்து இறங்குவது, திங்கட்கிழமை கோயிலில் கல்யாணம் என்று ஏற்பாடு. புதன்கிழமை விபூதிப் புதன். அன்று தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை எங்கள் கோயிலில் யாருக்கும் தாலி ஏறாது. ஈஸ்டருக்கு முன்பே என் லீவு தீர்ந்துவிடும். அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம். பண்டாரவளையோ பக்கத்தில் இருந்தது.

ஊர் திரும்பும் வழியில் பம்பாயில், கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டிய கம்பெனியின் மேசையில் இருந்த பெண் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எச்சில் இலையைத் தள்ளுவதுபோல இரண்டே விரலால் என் பக்கம் தள்ளினாள். அந்தக் கம்பெனிக்கும் எங்களுக்கும் இப்போது ஒன்றுமில்லை என்றாள். சென்ற மாதம் பிரிந்துவிட்டார்களாம். இவர்கள் வேறொரு கம்பெனியோடு கைகோத்துவிட்டார்களாம். என்னைப் பம்பாய் வரை கொண்டுவந்தவர்களின் மேசைக்கு ஓடினேன். இங்கே கொண்டுவந்து விட்டதோடு எங்கள் கடமை முடிந்தது என்றார்கள். விமானம் காற்றாலும் எண்ணெயாலும் பறக்கிறது என்று பள்ளியில் படித்ததை நம்பியிருந்த நான், அது யார் யாரோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறார்கள் என்பதால் பறக்கிறது என்பதை அன்றுதான் கற்றேன். என் கல்யாண சூட் இருந்த பெட்டி எந்தச் சண்டையிலும் சேராமல் தனியாக எங்கோ போய்விட்டிருந்தது.

பாதி நாள் காத்திருந்து பதுளைக்கு ட்ரங்க் கோல் கிடைத்தது.

"ஹாஜியார், சம்பந்திங்க பிரிஞ்சிட்டாங்க!" என்று கத்தினேன்.

"யா அல்லாஹ்! டீமேக்கர் ஐயா காலையிலதானே வேட்டி எடுத்துட்டுப் போனாரு?"

"அவரு இல்லீங்க. பிளேன்காரங்க!"

கம்பி இரைச்சலுக்குள் அவர் குரல் இறங்கி வந்தது. "தம்பி, அங்கேயே நில்லுங்க. சீட்டு வித்தவன் நான்."

அடுத்து நடந்ததை என் மாமனார் சாகும்வரை சொல்லிச் சிரித்தார். சீட்டு விற்றதோடு தன் பொறுப்பு முடிந்தது என்று ஹாஜியார் யாரோடும் வாதாடவில்லை. கொழும்பில் தெரிந்தவர்களைப் பிடித்து, மூன்றாவது கம்பெனி ஒன்றில் எனக்கு இடம் வாங்கி, பம்பாய்க்கு டெலெக்ஸ் அடிக்கச் செய்தார். ஆனால் அந்த விமானம் செவ்வாய் மத்தியானம்தான் கட்டுநாயக்காவில் இறங்கும். அங்கிருந்து பதுளைக்கு மலை ஏறி வந்து சேர இருட்டிவிடும். ஹாஜியார் கடையை மூடிக்கொண்டு மாமனாரையும் அழைத்துப் பங்குத்தந்தையின் பங்களாவுக்குப் போனார்.

"ஃபாதர், செவ்வா பொழுது சாஞ்சு மஃரிபோட உங்க புதன் பொறந்துரும். பையன் அதுக்குள்ள வந்து சேரமாட்டான். அவனுக்குப் பதிலா ஒரு ஆளை நிறுத்திப் பகல்லேயே முடிச்சுருங்க. வேற ஆள் இல்லாட்டி நானே நிக்கிறேன்."

ஃபாதருக்குக் குடித்துக்கொண்டிருந்த தேநீர் புரையேறியது. மாமனார் சுவரில் இருந்த புனிதர் ஒருவரின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹாஜியாரின் வழக்கப்படி நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை வர முடியாவிட்டால் அவர் சார்பில் ஒருவர் நிற்கலாம். பொழுது சாய்ந்தால் மறுநாள் தொடங்கிவிடும். உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று அவர் எண்ணியிருந்தார்.

"முதலாளி," என்றார் ஃபாதர், இருமல் அடங்கியதும், "பீடத்துக்கு முன்னால உங்களை நிறுத்தினா பிஷப் என்னை மடுல்சீமைக்கு மாத்திருவாரு. எங்களுக்கு நாள் மாறுறது நடுச்சாமத்துலதான்."

"நடுச்சாமமா?" ஹாஜியார் எழுந்தே விட்டாராம். "இதை ஏன் ஃபாதர் முன்னாடியே சொல்லல்ல? பொழுது சாஞ்ச பொறகும் செவ்வாதானா! அப்ப நான் வேன் அனுப்புறேன்."

துணி மூட்டை ஏற்றும் அவருடைய வேனில் நான் பதுளை வந்து சேர்ந்தபோது கோயிலில் விளக்கேற்றியிருந்தார்கள். எனக்காக ஒரு கோட்டோடு வாசலில் நின்றிருந்தார் ஹாஜியார். கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையிடமிருந்து கழற்றியது. எனக்கு இரண்டு சுற்றுப் பெரிது. முதுகுப் பக்கம் குண்டூசிகளால் இறுக்கிவிட்டு, "சபைக்கு முதுகைக் காட்ட வாணாம் தம்பி" என்றார். கோயிலில் மாப்பிள்ளை நிற்பதே சபைக்கு முதுகைக் காட்டித்தான் என்பதை அவர் அறியார். பின் வரிசைகளில் ஏதோ ஒரு மெல்லிய சத்தம் பூசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. பெண்ணின் தோள் முக்காட்டுக்குள் குலுங்கியதை அழுகை என்று நினைத்து நான் உருகினேன்.

பிறகு விருந்து. நடுச்சாமம் தாண்டினால் இறைச்சி தொட முடியாது. தேகா அண்டாவுக்குப் பக்கத்தில், ஹலாலாக அறுத்துத் தாமே கொடுத்தனுப்பிய ஆட்டிறைச்சியோடு ஹாஜியார் நின்றுகொண்டு, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, உங்க புதன் வந்துட்டிருக்கு" என்று தோட்டத்து ஆட்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. சென்ற மாதம் நானும் மனைவியும் மகளைப் பார்க்கப் புறப்பட்டபோது, விமான நிலையத்திலேயே கைபேசி கிணுகிணுத்து ஒரு செய்தி வந்தது. இரண்டு கம்பெனிகள் கூட்டணியை முறித்துக்கொண்டனவாம். எங்கள் இரண்டாம் விமானம் மாற்றப்பட்டுவிட்டதாம். புதிய இருக்கை எண்களும் வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரியும் அதிலேயே இருந்தன.

"இப்ப இதை யார்கிட்டப் போய்ச் சொல்லணும்?" என்றாள் மனைவி, கைப்பையைத் தூக்கிக்கொண்டு.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்ல. எல்லாம் அவங்களே மாத்திட்டாங்க."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். இவ்வளவு வசதியான பதிலைக் கேட்டு ஒரு மனுஷிக்கு முகம் வாடுமா என்று வேறு யாராவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. எனக்கும் துணிக்கடை முன்மூலையில் இருந்த அந்த மேசை நினைவுக்கு வந்தது.