மாமாவின் ஓய்வு நாள்

என் மகளின் இடது கால் செருப்பைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்திருக்கிறேன். நாற்பத்தெட்டு கிராம். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நூறு கிலோ தூக்குகிற ஒரு மனிதரை அது எப்படிச் சாய்த்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அந்த மனிதர் என் மாமா, அம்மாவின் தம்பி. வயது அறுபத்தொன்று. கப்பலூரில் ஒரு பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தைந்தில் சர்க்கரை வந்தபோது டாக்டர் அவரைத் தினமும் நடக்கச் சொன்னார். திருநகரில் இரண்டு வாரம் நடந்தார். "எதிர்ல வர்ற ஆளெல்லாம் அவனவன் சுகர் எம்புட்டுன்னு சொல்றான். கேட்டுக் கேட்டே எனக்கு ஏறுது" என்று அதை விட்டுவிட்டு, டயர் கடை மாடியில் இருந்த ஜிம்மில் சேர்ந்தார்.

அங்கே அவர் மனதைப் பறித்தது டெட்லிஃப்ட். இரண்டு முனையிலும் இரும்பு வட்டுகள் மாட்டிய கம்பி தரையில் கிடக்கும். குனிந்து அதைப் பிடித்து நிமிர்ந்து நிற்க வேண்டும், பிறகு கீழே வைக்க வேண்டும். அவ்வளவுதான். அத்தைக்கு இன்றுவரை இது விளங்கவில்லை. "கீழ கெடக்குறதத் தூக்குறாரு, மறுபடி கீழயே போடுறாரு. இதுக்கு மாசாமாசம் பீஸு வேற. நம்ம வீட்ல தூக்கி வைக்க எம்புட்டுக் கெடக்கு!"

ஜிம்மில் எல்லோரும் அவரை அண்ணே என்பார்கள். புதிதாக வந்த ஒருவர் தெரியாமல் 'ஐயா' என்று கூப்பிட்டுவிட்டார். அந்தப் புது ஆள் அடுத்துத் தூக்க வைத்திருந்த எடையை மாமா போய்த் தூக்கி இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் "என்ன தம்பி, கூப்பிட்டீங்க?" என்றாராம்.

இப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில், சோபாவுக்கு அடியில் போயிருந்த அந்தச் செருப்பை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. யானை விளையாட்டு என்று நினைத்து என் மகள் அவர் முதுகில் ஏறப் பார்த்தாள். "இவள முதல்ல பிடி ஆத்தா" என்று தரையைப் பார்த்தபடியே சொன்னார். மாமா என்னை எப்போதும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். அன்று அது கொஞ்சம் கெஞ்சலாகக் கேட்டது.

பிசியோதெரபிஸ்ட் என்னைவிடச் சின்னப் பெண். எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்றவர், மாமாவை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். "கடைசியா எப்ப சார் தூக்குனீங்க?" முந்தின நாள். அதற்கு முந்தின நாள்? அன்றும். அதற்கும் முன்னால்? மாமா விட்டத்து மின்விசிறியைப் பார்த்தார்.

"செருப்பு கடைசியா வந்து மாட்டிக்கிச்சு, அம்புட்டுதான். இருபது வயசுல இன்னைக்குத் தூக்கிட்டு நாளைக்கும் தூக்கலாம். உங்களுக்கு நடுவுல ரெண்டு நாள் வேணும். தூக்குறப்ப பலம் ஏறாது சார். தூங்குறப்பதான் ஏறும்."

"அப்படிப் பாத்தா எங்க வீட்டம்மாதான் மதுரையிலயே பெரிய பயில்வான்" என்றார் மாமா. நல்லவேளை, அத்தை வெளியில் செருப்பு வைக்கும் இடத்தில் இருந்தார்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று பிசியோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க இடுப்பு வலியைப் பற்றிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. அந்தச் செருப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கியது நான்தான். வளரும் பிள்ளை, ஆறு மாதம் கூடுதலாக வரட்டும் என்று கணக்குப் போட்டு வாங்கினேன். அளவாக வாங்கியிருந்தால் காலை விட்டுக் கழன்றிருக்காது.

வேறு சமயமாக இருந்தால் இவ்வளவு தவித்திருக்க மாட்டேன். சரியாக எட்டு வாரத்தில் மகளுக்கு முடியிறக்கிக் காது குத்துவதாக இருந்தது. எழுமலைப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில். பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எனக்குக் கூடப் பிறந்த ஆண் கிடையாது. அவள் பிறந்த அன்றே மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அறிவித்துவிட்டார். "மடி இல்லைன்னு யாரு சொன்னா? ஒன்னைய வச்சதும் இதே மடிதான். இன்னும் கெட்டியாத்தான் இருக்கு." அதற்குப் பிறகு பார்க்கிற எல்லாரிடமும் மூன்று வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தள்ளிப்போடவும் வழியில்லை. ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். இப்போது மூன்று. இதை விட்டால் ஐந்து. ஐந்து வயதில் இவள் எத்தனை கிலோ இருப்பாளோ? இப்போதே பதினேழு. ஊசியைப் பார்த்தால் துள்ளுவாள். தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸ் கண்ணாடியை உதைத்தவள்.

அதனால் இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. "நான் சொன்னா ஒங்க மாமா கேக்க மாட்டாரு. நீ படிச்சவ, நீ சொல்லு" என்று அத்தை மேற்பார்வையை என்னிடம் ஒப்படைத்தார். மாமா தினமும் காலை பத்து மணிக்குக் கட்டிலில் படுத்திருக்கும் படத்தை எனக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒழுங்காக அனுப்பினார். நெஞ்சில் இரண்டு கைகளையும் கோத்து, கண்ணை மூடி, பூமாலைக்குக் காத்திருப்பவர் போல.

இரண்டாவது காரியம் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அலங்காநல்லூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் செய்தேன். இருபத்தாறு வயது, தூண் போன்ற தோள். எனக்குத் தம்பி முறை. அவன் மடியில் உட்கார வைத்தால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. "ஒரு பாதுகாப்புக்குத்தான். மாமாகிட்ட மூச்சு விட்றாத" என்றேன். "சரிக்கா, சரிக்கா" என்றான்.

நான்காவது வாரம். பத்து மணிப் படம் வந்தது. மாமாவின் இடுப்பு நேராக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தபோது, பின்சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி கண்ணில் பட்டது. தேதி பதினொன்று. அன்று பதினாறு. முந்தின நாள் படத்தைத் தேடினேன். பதினொன்று. அதற்கு முந்தினது, பதினொன்று. ஐந்து நாளாக ஒரே படத்தை வைத்து என் மாமா ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்.

மகளை ஸ்கூட்டியின் முன்னால் நிறுத்திக்கொண்டு திருநகர் போனேன். அத்தை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஜிம்முக்குத்தான் போனாரு. தூக்கல, சும்மா பாத்துட்டு வாரேன்னாரு."

"சும்மா பாக்கவா அத்தை?"

"வேட்டி கட்டிக்கிட்டுப் போனாரு. வேட்டியோட யாராச்சும் தூக்குவாங்களானு நானும் நம்பிட்டேன்."

டயர் கடைப் படியில் ஏறும்போதே குழந்தை அழும் சத்தம் கேட்டது. குரல் மட்டும் கட்டையாக இருந்தது. உள்ளே, ரப்பர் விரிப்பில் மாமா வேட்டி கட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மணல் மூட்டை. மீசை வைத்த ஒருவர் பின்னால் மண்டியிட்டு அந்த மூட்டையை உலுக்கிக்கொண்டே "அம்மா... வேணாம்மா..." என்று அழுதுகொண்டிருந்தார். இன்னொருவர் ஸ்கூட்டர் சாவியை ஊசி போலப் பிடித்துக்கொண்டு மூட்டைக்குக் காது எந்தப் பக்கம் என்று தேடினார்.

"இன்னும் நல்லா உலுக்கு மாப்ள. அவ இதவிடத் துள்ளுவா" என்ற மாமா, என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக் கைகளை நெஞ்சில் கோத்துக்கொண்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் ஓடினாள். மூட்டையைக் கோபமாக ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்தாள். மீசைக்காரர் அழுகையை நிறுத்தினார்.

"மாமா, படுத்திருக்கணும்னு எழுதிக் குடுத்தாங்கள்ல? என் போன்ல அந்தத் தாள் இருக்கு."

"என்கிட்டயும் இருக்கு." பனியனுக்குள் இருந்து மடித்த தாளை எடுத்தார். வியர்வையில் நனைந்திருந்தது. "முன்பக்கம் மொத வாரம். திருப்பு."

திருப்பினேன். பின்பக்கமும் எழுதியிருந்தது. இரண்டாம் வாரத்தில் இருந்து நடை. மூன்றில் வட்டு மாட்டாத வெறும் கம்பி. நான்கில் மடியில் ஐந்து கிலோ, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, உட்கார்ந்து பழகலாம். கீழே அடிக்கோடிட்டு, 'முழு நேரமும் படுத்திருக்கக் கூடாது.' நான் எம்.எஸ்சி. படித்தவள். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை யோசிக்காமல் ஒரு மனிதரைக் கட்டிலில் போட்டு வைத்திருந்தேன்.

"இத ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா அதையும் ராத்திரியெல்லாம் படிப்ப. அதான் ஒனக்கு ஒரு படம், எனக்கு ஒரு மூட்டை." பிறகு, மகளின் தலையைத் தடவிக்கொண்டே, மிகச் சாதாரணமாகச் சொன்னார். "அப்புறம், ஒன் சித்தப்பா மகன் போன் பண்ணுனான். மடியில வைக்கிறதுன்னா வேட்டிதான் கட்டணுமா, பேண்ட் போட்டுக்கலாமா மாமான்னு என்கிட்டயே கேக்குறான்."

அந்த மாடியில் நான் ஒளிய ஒரு இடமும் இல்லை. மூன்று சுவரிலும் கண்ணாடி.

"ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னுதான் மாமா."

"சரி, அவனும் நிக்கட்டும். அந்தா, அந்தப் பெஞ்சுல மல்லாக்கப் படுத்துத் தூக்குறப்ப தலமாட்டுல ஒருத்தன் நிப்பான், கம்பி கழுத்துல விழுந்துறாம இருக்க. அது கேவலமில்ல. ஆனா தூக்குறவனுக்குத் தெரியாம நிக்கக் கூடாது. தூக்குறவன் கூப்பிடாம கம்பியத் தொடக்கூடாது. ரெண்டுதான் இங்க சட்டம். ஒன் தம்பிய வரச் சொல்லு. பேண்டே போட்டுட்டு வரட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மகளை இறக்கிவிட்டு எழுந்து, மூட்டையை ஓரமாகத் தள்ளப் போனவர் என் பக்கம் திரும்பாமலே கொஞ்ச நேரம் நின்றார். இடுப்பு வலியாக இருக்குமோ என்று பார்த்தேன். வலி இடுப்பில் இல்லை.

காது குத்தும் நாளில் எல்லோரும் வேனில் எழுமலை போனோம். முடியிறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மகளை மாமா மடியில் வைத்தார்கள். தம்பி பேண்ட் போட்டுக்கொண்டு பின்னால் நின்றான். ஆசாரி ஊசியை எடுத்தார்.

முதல் காது. அவள் வில் போல் வளைந்து உதைத்தாள். மாமாவின் முகம் சுருங்கியது. எனக்குத் தெரிந்த சுருக்கம் அது. அன்று சோபா பக்கத்தில் பார்த்தது. "டேய், பிடிடா" என்று தம்பியைப் பார்த்துக் கத்த வாயெடுத்தேன். மாமா திரும்பாமலே, "நான் இன்னும் கூப்பிடல" என்றார். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் தூக்கியதிலேயே பெரிய எடை அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது காது. உதை, கூச்சல், மாமாவின் புது வேட்டியில் சந்தனமும் கண்ணீரும். அவர் கைகள் அவளைச் சுற்றி அசையாமல் இருந்தன. முடிந்தது. தம்பியைப் பார்த்தால், அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தான்.

அழுத களைப்பில் அவள் அந்த மடியிலேயே தூங்கிவிட்டாள். எடுக்கப் போன என்னை மாமா கையமர்த்தினார். பந்தி முதல் சுற்று முடிந்தது. கறிக்குழம்பு வாசனை அடித்தது. இரண்டாம் சுற்றுக்கும் உட்கார்ந்தார்கள். மாமா கல்தரையில் சம்மணம் கலைக்காமல் இருந்தார்.

"வலிக்குதா மாமா?"

"இடுப்பு ஜோரா இருக்கு. என் கால் ரெண்டும் எங்க இருக்குன்னு மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

கால்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. மரத்துப் போயிருந்தன. மாமா பின்பக்கம் பார்த்து, சத்தமில்லாமல், "மாப்ள, இப்பக் கூப்பிடுறேன், வா" என்றார். தம்பி ஓடி வந்து பிள்ளையை நோக்கிக் கையை நீட்டினான். "பிள்ளைய விடு. அவள நான் வச்சிருக்கேன். என்னத் தூக்கு."

தம்பி கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு. இடையில் ஒரு தரம், "எம்புட்டு மாமா இருப்பீங்க?" என்று முனகினான். "குனியாத மாப்ள. முதுக நேரா வை. மூச்ச விடாத" என்று, தூக்கப்படுகிறவர் தூக்குகிறவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மடியில் இருந்தவள் கண் விழிக்கவில்லை.

மறுநாள் ஓய்வு நாள். அதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நான் கேட்காமலே பத்து மணிக்குப் படம் வந்தது. கட்டில், கோத்த கைகள், மூடிய கண். புதுச் சட்டை. பழக்க தோஷத்தில் பெரிதாக்கி நாள்காட்டியைப் பார்த்தேன். ஒரு தாள் கூடுதலாகக் கிழிக்கப்பட்டிருந்தது. மேல் தாளில் நாளைய தேதி.

ஆக, நாளைய ஓய்வையும் இன்றைக்கே படமாக எடுத்து வைத்து, அவசரத்தில் மாற்றி அனுப்பியிருக்கிறார். நாளைக் காலை பத்து மணிக்கு அவர் எங்கே இருப்பார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் வேண்டும் என்று பிசியோ சொன்னதை நினைவூட்டி நீளமாக ஒரு செய்தி எழுதினேன். அழித்தேன். சுருக்கமாக எழுதினேன். அதையும் அழித்தேன். அவர் இன்னும் கூப்பிடவில்லை.

கடைசியில், "நல்லா ரெஸ்ட் எடுங்க மாமா" என்று மட்டும் அனுப்பினேன். பிறகு போய் மகளின் செருப்புகள் இரண்டையும் சோபாவுக்கு அடியிலிருந்து எடுத்து, குனியாமல் எட்டுகிற உயரத்தில் மாட்டி வைத்தேன்.