வராமல் போன சிவப்பு மூட்டைகள்

தண்ணியக்கா என்ற பெயரைக் கேட்டதும் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "ஏன், அவங்க தண்ணி போடுவாங்களா?" என்று யாராவது வாய்விட்டுக் கேட்டுவிட்டால் கழிவுக் கிடங்கே சிரிக்கும். "ஆமா, டிரம் கணக்குல" என்று அவளே பதில் சொல்வாள்.

பெயர் வந்த கதை வேறு. பீரோ, கட்டில், மேசை என்று இரும்புச் சாமான் செய்கிற பெரிய கம்பெனி அது. ஒவ்வொரு பிரிவின் குப்பையும் பின்பக்கக் கிடங்குக்குத்தான் வரும். காகிதம் நீலத் தொட்டிக்கு, சாப்பாட்டு மிச்சம் பச்சைக்கு, இரும்புத் துண்டு சாம்பல் நிறத்துக்கு. பெயிண்ட் ஷெட்டிலிருந்து வருவது மட்டும் சிவப்பு மூட்டை. அங்கே பெயிண்ட் பீய்ச்சும்போது பறக்கிற துளியைப் பிடிக்கச் சுவரெல்லாம் பஞ்சு அட்டைகள் மாட்டியிருக்கும். ஃபில்டர் என்பார்கள். பெயிண்ட் ஊறிக் கனத்ததும் அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். கழற்றிய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தால் உள்ளுக்குள் தானாகவே சூடேறும். தீக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம்.

அவள் சேர்ந்த புதிதில் ஒரு விடுமுறை முடிந்து வந்தபோது மூலையில் கிடந்த மூட்டை லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. கூட வேலை பார்த்தவள் ஒன்றும் நினைக்காமல் அதைத் தூக்கினாள். அவளுடைய முழங்கைக்குக் கீழே இருந்த தோல் பிறகு ஒழுங்காக வளரவே இல்லை. அதற்கப்புறம் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெரிய டிரம்மை வைத்து, சிவப்பு மூட்டை வந்ததும் பிரித்து அட்டைகளைத் தண்ணீரில் அமுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

குப்பை வழியாகவே கம்பெனி முழுவதையும் அவள் அறிந்து வைத்திருந்தாள். சர்க்கரையை அறவே நிறுத்திவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவு அதிகாரியின் கூடையில் தினமும் சாக்லேட் காகிதம் இருக்கும். "பாவம், யாரோ எதிரி கொண்டுவந்து போடுறாங்க போல" என்பாள்.

அவளைக் கட்டியவன் இரண்டு வருடம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை. வேலை தேடி வெளியூர் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அவள் அழுது தீர்த்துவிட்டுத் தாய் தகப்பனில்லாத தன் தம்பியை வளர்ப்பதில் இறங்கினாள். படிக்க வைத்தாள், மேலதிகாரிகளிடம் நடையாய் நடந்து இதே கம்பெனியின் பெயிண்ட் ஷெட்டில் சேர்த்துவிட்டாள். அவனுக்குக் கல்யாணம் ஆனபின்னும் ஒரே வீடுதான். முன்னறையில் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய சின்னப் பெண். பின்னறையில் அவள்.

தம்பி ஷெட்டின் தலைவனான அதே சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இனி ஒவ்வொரு பிரிவின் குப்பையும் எடை போடப்படும். யார் அதிகமாகக் குறைக்கிறார்களோ அவர்களுக்குக் கேடயம், பாராட்டு விழா, வாசலில் பெரிய படம். எல்லாப் பிரிவுகளும் களத்தில் குதித்தன. காகிதத்தின் இரு பக்கமும் எழுதினார்கள். சாப்பாட்டு அறையில் மிச்சம் வைத்தவர்களை முறைத்தார்கள்.

சிவப்பு மூட்டைகளும் குறைய ஆரம்பித்தன. முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நனைந்த அட்டையைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்து போயிருந்தது. புதிய பெயிண்ட் துப்பாக்கிகள் வந்திருக்கின்றன, துளி அவ்வளவாகப் பறக்காது என்று யாரோ சொன்னார்கள். இருக்கலாம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். பிறகு மூட்டை வருவது அறவே நின்றது.

பெயிண்ட் ஷெட்டுக்குத்தான் கேடயம். தம்பியின் படம் ஆள் உயரத்துக்கு வாசலில் நின்றது. வீட்டில் சின்னப் பெண் அட்டையில் கேடயம் வெட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். "இவரை எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க அண்ணி" என்று தம்பி மனைவி பூரித்துப் போனாள்.

சில நாள் கழித்து டிரம்மைக் கழுவலாம் என்று மூடியைத் திறந்தாள். எப்போதும் எண்ணெய்ப் படலம் மிதக்கிற தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடந்தது. அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. இந்தத் தண்ணீரில் ஒரு உயிர் பிழைத்து அவள் பார்த்ததே இல்லை.

அன்று சாப்பிடும்போது பேச்சைத் தொடங்கினாள்.

"ஏண்டா, பழைய ஃபில்டரெல்லாம் எங்கடா போகுது?"

"எங்க போகும்? குறைஞ்சிடுச்சு."

"குறையறது சரி. ஒண்ணுகூட வரலையே."

"குப்பை வந்தாலும் புலம்புற, வரலேன்னாலும் புலம்புற. உனக்கு என்னதான் வேணும்?" என்று சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றது, கண்ணுக்கு ஏறவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

அவன் சட்டைகளை ஊறவைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவி மறுநாள் காலையில் தானாகவே சொன்னாள். "இப்போல்லாம் சாவியை இடுப்பிலேயே கட்டிக்கிட்டுத் தூங்குறார் அண்ணி. கேட்டா கம்பெனி சாவின்னு சொல்றார். பூட்டை இவரே கடையில வாங்கினதை நான் பார்த்தேனே."

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் பெயிண்ட் ஷெட்டின் பின்பக்கம் போனாள். ஒடிந்த நாற்காலிகளைப் போடுகிற பழைய இரும்புக் கன்டெய்னர் ஒன்று அங்கே நெடுநாளாக நிற்கிறது. அதை ஒட்டினாற்போல், பெயிண்ட்டில் கலக்கிற, பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் தின்னர் டின்கள் அடுக்கிய அறை. கன்டெய்னர் கதவில் புத்தம் புதுப் பூட்டு தொங்கியது. வானம் மூடிக் கிடந்த நாள், காலையிலிருந்து வெயில் தலைகாட்டவில்லை. பழைய எண்ணெயை அடுப்பில் மறந்து வைத்த மாதிரி ஒரு வாடை. அவள் கன்டெய்னர் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

தம்பியைத் தேடி ஓடினாள். சாப்பாட்டு அறையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"உள்ள என்னடா வச்சிருக்க?"

அவன் முகம் வெளுத்தது. "மெதுவா பேசுக்கா."

"அத்தனையும் அதுக்குள்ளதானா?"

"கேடயம் குடுத்த பிறகு ஒரு கணக்கெடுப்பு இருக்குக்கா, அது முடியற வரைக்கும்தான். தலைமை அலுவலகத்து ஆளுங்க வந்துட்டுப் போயிட்டா கொஞ்சம் கொஞ்சமா எடுத்து உன் டிரம்முக்கே அனுப்பிடுவேன். எனக்கு மட்டும் தெரியாதா அது சூடாகும்னு? காய வச்சு, பரப்பித்தான் வச்சேன். அப்புறம் இடம் பத்தல..."

"தொட்டுப் பாத்தேன்டா. கை வைக்க முடியல. பக்கத்துல தின்னர் அறை. ஷெட்டுல எத்தனை பேரு இருக்காங்க?"

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோ. எல்லாரும் போனதும் நானே தண்ணி அடிச்சு அணைச்சிடறேன். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். படம் மாட்டின கையாலேயே துரத்துவாங்க. நீ வளர்த்த பிள்ளைதானே நான்?"

சாயங்காலம் வரைக்கும்தானே என்று அவளுடைய ஒரு மனம் சொன்னது. சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். அவன் பெருமூச்சு விட்டுத் திரும்பி நடந்தான்.

கிடங்குக்கு வந்து தொட்டியை இழுத்தாள், விட்டாள். அப்போது சாப்பிட்டு முடித்தவர்கள் கூட்டமாகப் பெயிண்ட் ஷெட்டுக்குள் போவது தெரிந்தது. ஒருத்தி மற்றவளின் முதுகில் அடித்துச் சிரித்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்த பிறகு அவளால் பொறுத்திருக்க முடியவில்லை. சுவரிலிருந்த அபாய மணியின் கண்ணாடியை இரும்புத் துண்டால் உடைத்தாள்.

மணி அலறியது. எல்லாரும் மைதானத்துக்கு ஓடி வந்தார்கள். சூப்பர்வைசர் மூச்சிரைக்க வந்து, "எங்கம்மா தீ?" என்று கேட்டார். சுற்றுமுற்றும் ஒரு துளிப் புகை இல்லை. அவள் கன்டெய்னரைக் காட்டினாள். கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள்.

தம்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். பெற்றவளாக நினைத்தவளை அப்படிப் பார்க்கக் கூடாது. "ஒண்ணும் இல்ல சார், இவங்களுக்குப் பயம். நான் திறந்தே காட்டறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"திறக்காதடா! உள்ள காத்து போகக் கூடாது!" என்று அவள் கத்தினாள்.

பூட்டு கழன்றது. கதவு ஒரு முழம் நகர்ந்ததும் கறுத்த புகை தரையோடு தவழ்ந்து வெளியே வந்தது. அடுத்த கணம் உள்ளே இருட்டாக இருந்தது முழுவதும் வெளிச்சமானது. அவன் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கினான். அதனால் முகம் தப்பியது.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் தின்னர் அறை கூரையோடு போனது. ஷெட்டின் பாதிச் சுவர் இடிந்தது. மணி கேட்டு உள்ளிருந்து ஓடி வந்தவர்கள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவள்தான் ஊட்டிவிட்டாள். அவன் வாயைத் திறந்தான், பேசத் திறக்கவில்லை. வேலை போயிற்று. விசாரணைக்கு வந்தவர்கள் அவளைப் பாராட்டினார்கள். இப்படி ஆகுமென்று முன்பே தெரிந்தும் உடனே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டார்கள்.

கம்பெனி ஒரு முடிவெடுத்தது. இனிச் சிவப்பு மூட்டை ஒன்றுகூட வளாகத்துக்குள் தங்கக் கூடாது. வெளி ஒப்பந்தக்காரர் வந்து அன்றன்றைக்கு எடுத்துப் போவார். வாசலைத் தாண்டிவிட்டால் அது கம்பெனியின் எடையில் சேராது. அடுத்த முறை தலைமை அலுவலகம் கேடயத்தைக் கம்பெனி முழுவதற்குமே கொடுத்தது. டிரம்மைக் கவிழ்த்துவிட்டு அவளைச் சாப்பாட்டுக் குப்பைக்கு மாற்றினார்கள். ஒப்பந்தக்காரரின் லாரி வரும்போதெல்லாம் அவள் எட்டிப் பார்ப்பாள். மூட்டைகள் காய்ந்தபடியே ஏறும்.

தழும்பேறிய விரல்கள் ஓரளவுக்கு மடங்க ஆரம்பித்ததும் தம்பி வேலை தேடினான். எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் அந்த ஒப்பந்தக்காரரே சேர்த்துக்கொண்டார், ஃபில்டரைப் பற்றித் தெரிந்த ஆள் என்று. கொண்டுபோய் அடுக்குகிற இடத்துக்கு அவன்தான் பொறுப்பு. அந்த வாரத்தில்தான் அவளோடு மறுபடி பேச ஆரம்பித்தான். அவளுக்கு அழுகை வந்தது. எந்த இடம், எப்படி அடுக்குகிறீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தும், பேச்சு முறிந்துவிடுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது அவனே சொன்னான். "அந்த இடம் ரொம்பிடுச்சுக்கா. முதலாளி புதுசா ஒரு பெரிய கொட்டகை பிடிச்சிருக்கார்."

"எங்கடா?"

"நம்ம தெருக் கடைசியில, பூட்டிக் கிடந்த மரக்கடை இருக்குல்ல, அதுதான். நாளையிலேர்ந்து அடுக்க ஆரம்பிக்கிறோம்."

"அங்க தண்ணி வசதி இருக்கா?"

"தண்ணி எதுக்கு? சும்மா வச்சிருக்கிறதுதானே" என்றான், தட்டைப் பார்த்தபடி.

தம்பி மனைவிக்கு ஒரே சந்தோஷம். இனி அவன் நடந்தே வேலைக்குப் போய்விடலாம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம். "நானும் வந்து பாக்கலாமாப்பா?" என்று சின்னப் பெண் கேட்டாள். வரலாம் என்று அவன் சொன்னான்.