அம்மன் ஊற்றுத் தண்ணீரை அடுப்பில் வைத்தோம்

என் மூத்த மகன் ஒரு சித்திரை வெயிலில் பேதியாகிச் செத்தான். பால்குடி மறக்காத பிள்ளை. இரண்டு வருடம் கழித்து, அதே கோடையில், மகள் வள்ளிக்கும் பேதி கண்டது. உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை, ஒன்றுக்கும் போகவில்லை.

அப்போது மலைமேல் வாழவந்திப் பக்கம் வெள்ளைக்காரத் துரையின் காப்பி எஸ்டேட்டில் களை வெட்டினோம். கைக்குழந்தைகளை மரத்தில் தூளி கட்டிப் போடுவோம். அழுதால் மாரியம்மன் கோயில் ஊற்றுத் தண்ணீரைப் புகட்டுவோம். எங்களுக்கு அது தீர்த்தம். கோடையில் ஊற்று வற்றிக் குட்டையாகும். மாடும் இறங்கும், நாங்களும் இறங்குவோம். ஆனாலும் தீர்த்தம்தான்.

சேலத்திலிருந்து வந்த நர்சம்மா, "கொதிக்க வெச்சு, ஆத்திக் குடுங்கம்மா. தாய்ப்பாலையும் நிறுத்தாதீங்க," என்றார். அவர் போனதும் என் வீட்டுக்காரரின் அக்கா கத்தினார்: "அம்மன் தண்ணியை அடுப்புல வெப்பாங்களா? அவ கொதிச்சுப்போயி ஊட்டையே அழிச்சுருவா!"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். பூ இல்லை, கற்பூரம் இல்லை. "ஒண்ணை எடுத்துக்கிட்டயே, பத்தலையா? தண்ணியைச் சுட வெக்கலாமா வேண்டாமா? இப்பவே சொல்லு," என்று சண்டை போட்டேன். அழுதேன்.

அன்று யாரோ நேர்த்திக்கடனுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பானை பொங்கியது. குலவை போட்டார்கள். எனக்குப் பின்னாலேயே வந்த நாத்தனாரும் சேர்ந்து குலவை போட்டார். நான் பானையையே பார்த்தேன். நாத்தனார் பக்கம் திரும்பினேன்.

"ஏனுங் நங்கையா, பானையில எந்தத் தண்ணிங்க?"

"நம்ம ஊத்துத் தண்ணிதான். வேறெங்க போறது?"

"தளதளன்னு கொதிக்குதுங்களே. அம்மன் கோவிச்சுக்கலீங்களா?"

"உனக்கு வாயி நொம்ப நீளம், கண்ணு," என்றார். பிறகு அவரே கோயில் அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரை ஏற்றித் தீயை ஊதினார்.

ஆற்றிய தண்ணீரைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பாலும் கொடுத்தேன். மறுநாள் வள்ளி ஒன்றுக்குப் போய் என் சேலையை நனைத்தாள். அந்த ஈரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதன் பிறகு எங்கள் லைன் குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் அம்மன் முன்னாலேயே பிள்ளைத் தண்ணீர் காய்ச்சினோம். அந்தக் கோடையில் எங்கள் லைனில் ஒரு குழந்தையும் சாகவில்லை.

வள்ளி இன்று குப்பனூரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அம்மனுக்கு நான் அடிமை. ஆனால் அவளிடம் ஒரு கேள்வியை இன்னும் கேட்கிறேன்: இதை மூத்தவன் சாகுமுன்பே எனக்குக் காட்டியிருக்கக் கூடாதா? அவன் இருந்திருந்தால் ஆகியிருக்கும் வயதில் யாராவது மலைப்பாதையில் போனால் இப்போதும் நின்று பார்க்கிறேன்.

மனம் வெந்து கிடக்கிற தாய்மார்களே, நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்காதீர்கள். திட்டிக்கொண்டாவது அம்மனிடம் போங்கள். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள், சுற்றிப் பாருங்கள். பிள்ளை கையில் இருக்கும்போதே போங்கள்.