இடப்பக்கம் இரண்டு டிகிரி

மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், இருபத்தெட்டு வருஷமாகப் பல் செய்துகொண்டிருக்கிறவள் பல்லக்கா. டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து இவள் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவாள். யாராவது தெரியாமல் 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டுவிட்டால், "நான் பிடுங்கறவ இல்ல, வைக்கறவ" என்பாள். நூறு தடவை சொன்ன வரிதான், ஆனாலும் அப்போதுதான் தோன்றியது போலச் சொல்வாள்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் கெட்டிக்காரி. கூடவே முசுடு. அச்சில் குண்டூசி முனை அளவு குமிழி இருந்தால் போதும், "சரியில்லை, மறுபடி எடுக்கவும்" என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சரி.

ஒரு முறை ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு முன்பல் போய்விட்டது. முளைத்த நாளிலிருந்தே கொஞ்சம் திரும்பி, பக்கத்துப் பல்மேல் ஏறி நின்ற பல் அது. 'நேராக வைக்கவும்' என்று டாக்டர் எழுதியிருந்தார். பல்லக்கா டீச்சரின் பழைய போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, திரும்பினபடியே செய்து அனுப்பினாள். டாக்டர் போனில் குதித்தார். "மொதல்ல அவங்ககிட்ட கண்ணாடியக் குடுங்க சார், அப்புறம் என்னைத் திட்டுங்க" என்றாள். கண்ணாடியைப் பார்த்த டீச்சர், 'இது என் மூஞ்சி' என்று சொல்லி அழுதாராம். அதற்கப்புறம் அந்த டாக்டர் இவளிடம் குரலை உயர்த்தியதில்லை.

இப்படிப்பட்டவளுக்குப் பொழுதுபோக்கு மாடல் விமானம் செய்வது. பட்டறை அலமாரியில் வரிசையாக நம்பர் போட்ட பிளாஸ்டர் தாடைகள், அதற்கு மேல்தட்டில் பதினாலு விமானங்கள். எல்லாம் ரெசின் என்கிற கெட்டிப் பிசினில் செய்தவை. கடையில் விற்கிற பிளாஸ்டிக் செட்டெல்லாம் அவளுக்குப் போரடித்துப் பல வருஷமாகிறது. ரெசின் செட் என்பது வேறு சங்கதி. எங்கோ ஒரு பைத்தியக்காரன் வீட்டுக் கொல்லையில் ரப்பர் அச்சு வைத்து முப்பது செட் வார்த்திருப்பான். துண்டுகளில் குமிழி இருக்கும், கோணல் இருக்கும், கட்டைவிரல் தடிமனுக்கு வேண்டாத கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றோடு ஒன்று சேரவே சேராது. சேர வைப்பதில்தான் பல்லக்காவுக்குச் சந்தோஷம்.

அவள் குடியிருப்பது அக்கா வீட்டு மாடியில். அக்காவின் கணவர், அதாவது அத்தான், விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே சோதனைக்காக ஒரே ஒரு விமானம் செய்தார்கள். மூக்கில் ஒற்றைப் புரொப்பெல்லர். இறக்கைகள் பின்னால் சாயாமல் முன்னால் சாய்ந்திருக்கும். ஒன்பது தடவை பறந்தது. பத்தாவது தடவை கிளம்பும்போதே ஓடுபாதையை விட்டு விலகி, புல்லில் இறங்கிக் காலை ஒடித்துக்கொண்டது. ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் திட்டத்தை அத்தோடு மூடிவிட்டார்கள். விவரம் தெரிந்த இன்ஜினியர்கள் ஆளுக்கொரு பக்கம் மாற்றலாகிப் போனார்கள், வரைபடங்களை மூட்டை கட்டிக் கொண்டுபோனார்கள்.

வாலில் செங்குத்தாக நிற்கிற துடுப்பை மாட்டியவர் அத்தான். அது மூக்கைப் பார்த்து நேராக நிற்காமல் இடப்பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. "படத்துல அப்படித்தான் இருந்துச்சு" என்று அவர் கரடியாய்க் கத்தினார். படத்தைக் காட்டத்தான் முடியவில்லை. "வாலைக் கோணலா மாட்டினா வண்டி எப்படிய்யா நேரா ஓடும்?" என்று ஃபோர்மேன் ஒரு நாள் கேன்டீனில் கேட்டார். கேன்டீனே சிரித்தது. அன்றிலிருந்து அத்தானுக்குப் பெயர் கோணவால்.

அந்தப் பெயர் அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அக்கா கோபம் வந்தால் சொல்வாள், சொந்தக்காரர்கள் கோபம் வராமலே சொல்வார்கள். பல்லக்காவும் சொல்லியிருக்கிறாள், பல தடவை. அத்தான் சிரித்துக்கொள்வார். ஆனால் சுவரில் ஒரு படம் மாட்டச் சொன்னால், "வேற யாரையாவது கூப்பிடு" என்று எழுந்து போய்விடுவார். அந்த விமானத்தைச் செய்த பழைய தொழிலாளிகள் வருஷத்துக்கு ஒரு நாள் கூடுவார்கள். அதற்கும் போவதை விட்டு இருபது வருஷமாகிறது.

சொன்னால் சிரிப்பாக இருக்கும், பல்லக்காவின் ஆசை இதுதான்: அத்தான் ஒரே ஒரு தடவையாவது அந்தக் கூட்டத்துக்குத் தலை நிமிர்ந்து போக வேண்டும். அதனால்தான், வெளிநாட்டில் ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர் இந்த விமானத்துக்கு ரெசின் செட் வார்த்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஒற்றைக்காலில் நின்று அதை வரவழைத்தாள். மாடலைச் செய்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அத்தான் கையில் கொடுத்துக் கூட்டத்துக்கு அனுப்புவது என்று திட்டம். வீட்டில் மூச்சு விடவில்லை. காலையில் பட்டறைக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். "அப்படி என்னடி வேலை, ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல பல்லு கொட்டிடுச்சா?" என்று அக்கா கேட்டாள்.

பெட்டியைத் திறந்ததும் பல்லக்கா முதலில் செய்தது, எல்லாத் துண்டுகளுக்கும் சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்து டப்பாவில் போட்டது. அது தொழில் புத்தி. அடுத்தவர் கொடுத்ததில் கை வைக்கிறதற்கு முன்னால் ஒரு நகல் இருக்க வேண்டும் என்பது பட்டறையில் அவள் போட்ட சட்டம்.

அப்புறம் ஏழு மாதம். ரெசின் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று, ஒவ்வொரு துண்டையும் தண்ணீர்த் தட்டில் முக்கி முக்கித் தேய்த்தாள். முன்னால் சாய்ந்த இறக்கை நாளடைவில் தொங்கிவிடும் என்று தெரிந்து, பல் செட்டுக்குப் போடுகிற கம்பியை உள்ளே ஓட்டினாள். செட்டில் வந்த சக்கரக் கால்கள் கனம் தாங்காது என்று தோன்றியது. அதே கால்களை மெழுகில் செய்து, பல் செட்டுச் சட்டத்துக்கான உலோகத்தில் வார்த்து எடுத்தாள். இறக்கையும் உடம்பும் சேருகிற இடத்தில் நகம் நுழைகிற இடைவெளி இருந்தது. பல்லையும் ஈறையும் சேர்க்கிறவளுக்கு அது ஒரு வேலையா? அவள் முடித்த பிறகு எங்கே ஒட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வால் துண்டில்தான் தப்புச் செய்தாள். துடுப்பு ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் திரும்பியிருந்தது. ரெசினை அச்சிலிருந்து அவசரப்பட்டு எடுத்தால் இப்படி முறுக்கிக்கொள்ளும். வெந்நீரில் போட்டால் இளகும், நேராக்கிக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். இந்த வேலையில் இருக்கிற யாருமே முதலில் கற்றுக்கொள்கிற பாடம் இது. 'அத்தான் மாட்டின மாதிரியே வந்திருக்கே' என்று பல்லக்கா தனக்குள் சிரித்துக்கொண்டாள். இதிலாவது வால் நேராக இருக்கட்டும் என்று, வெந்நீரில் போட்டு, நூல் பிடித்த மாதிரி நேராக்கினாள். அத்தானுக்குப் பெரிய உபகாரம் செய்வதாகவே நினைத்தாள்.

பெயின்ட் அடித்து முடிந்தபோது கூட்டத்துக்கு இருபது நாள் இருந்தது. பல்லக்கா சும்மா இருப்பாளா? தபால்காரருக்கு மெயில் எழுதினாள். செட் அருமை, ஆனால் வால் முறுக்கிக்கொண்டிருந்தது, நான் சரிசெய்துவிட்டேன், அடுத்த முறை கவனமாக வார்க்கவும் என்று, டாக்டர்களுக்குச் சீட்டு ஒட்டுகிற அதே தோரணையில்.

மறுநாள் காலை பதில் வந்தது. "அது முறுக்கல் இல்லை அம்மா. மூலப் படத்தில் அப்படித்தான். புரொப்பெல்லர் கிளப்புகிற காற்று சுழன்று வந்து வாலை ஒரு பக்கம் தள்ளும். அதை ஈடுகட்டத்தான் துடுப்பை இடப்பக்கம் இரண்டு டிகிரி திருப்பி வைத்தார்கள். படம் வரைந்தவரின் மகளிடமிருந்து வாங்கிய நகல் இருக்கிறது. ஏழாவது தாளை இணைத்திருக்கிறேன்."

பல்லக்கா ஏழாவது தாளைத் திறந்தாள். வால் இருந்தது, கோடு இருந்தது, கோட்டின் பக்கத்தில் '2°' என்று இருந்தது. கோணல் பல்லைக் கோணலாகவே செய்து கொடுத்துப் பெயர் வாங்கினவள், ஒரு போட்டோ கேட்டுப் பார்க்காமல் வாலை நேராக்கியிருக்கிறாள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு மனுஷர் படத்தில் அப்படித்தான் இருந்தது என்று சொல்லியிருக்கிறார், அதைத் தானும் நம்பவில்லை என்பதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த நேர்வாலோடு மாடலை அவர் கையில் கொடுத்து, அந்த ஃபோர்மேன் முன்னால் அனுப்பியிருந்தால்? அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

ஏழு மாதம் உழைத்து, பெயின்ட் காய்ந்து, பளபளவென்று நின்ற விமானத்தை எடுத்தாள். பல் அறுக்கிற மெல்லிய ரம்பத்தால் வாலை அறுத்தாள். டப்பாவிலிருந்து அந்த முதல்நாள் அச்சைத் தேடி எடுத்து, புது ரெசின் ஊற்றி, குமிழி தங்காமல் இருக்கக் காற்றழுத்தப் பானையில் வைத்தாள். வெளியே வந்த வால், வந்த நாளில் இருந்தபடியே, கொஞ்சம் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தது. அளந்தாள். இரண்டு டிகிரி. ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்துச் சேர்க்கப் பன்னிரண்டு நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் விமானத்தை வைத்தாள். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். அத்தான் சுற்றி வந்து பார்த்தார். இறக்கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், முகம் மலர்ந்துகொண்டே வந்தது. வாலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"வாலையும் அப்படியே வச்சிட்டியாம்மா" என்றார். மேசையை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

தான் கேலி செய்வதாக நினைத்துவிட்டார் என்று பல்லக்காவுக்குப் புரிந்தது. பிரின்ட் போட்டு வைத்திருந்த ஏழாவது தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கோட்டின்மேல் விரலை ஓட்டினார். இரண்டு டிகிரியில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். மூன்று தடவை.

"அப்போ நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன்" என்றார்.

"ஆமா அத்தான்."

"எல்லாரும் சொல்லிச் சொல்லி, கடைசில நானே நம்பிட்டேன்மா. படத்த நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்னு. பத்து வருஷம் கத்தினேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"நானுந்தான் நம்பினேன். வந்த வாலை வெந்நீர்ல போட்டு நேராக்கிட்டேன், அத்தான். அந்தாளு மெயில் போட்டாரு, அப்புறம்தான் அறுத்து மாத்தினேன். என்னைத் திட்டுங்க."

அத்தான் திட்டவில்லை. "நேரா வச்சிருந்தா இது எங்க வண்டி இல்ல" என்றார். அக்கா முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கூடத்துப் படம் ஒரு வருஷமா கீழயே கிடக்கு, வந்து மாட்டுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அத்தான் போய் மாட்டினார்.

சனிக்கிழமை கூட்டத்துக்குக் கிளம்பும்போது, தாளை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனாள் பல்லக்கா. அத்தான் வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பழைய கேன்டீன்தான் கூட்டம் நடக்கிற இடம். அறுபது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் கையில் தடி. நடு மேசையில் கண்ணாடிப் பெட்டியை வைத்ததும் கூட்டம் மொய்த்துக்கொண்டது. ஒருத்தர் தான் வைத்த கதவைத் தேடினார், ஒருத்தர் தான் இழுத்த ஒயர் எங்கே என்று கேட்டார். பல்லக்கா சுவரோரமாக நின்றாள். ஃபோர்மேன் மெதுவாக வந்தார். காதில் மிஷின், பழைய குரல். குனிந்து மூக்கிலிருந்து வால் வரை பார்த்தார். நிமிர்ந்து, கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

"யோவ் கோணவால், இதுலயும் வால் கோணலாத்தான்யா இருக்கு!"

பத்துப் பேர் சிரித்தார்கள். பல்லக்காவின் கை தானாக முஷ்டியானது. அத்தான் சட்டைப் பையில் கை விட்டார், தாளை எடுத்தார், பிரித்து ஃபோர்மேன் கையில் கொடுத்தார். அவர் படித்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாக நின்றார். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"ஆமா சார், கோணல்தான்" என்றார் அத்தான். "ரெண்டு டிகிரி."