கூரைக்காரியின் ஒன்பதாவது புத்தகம்

போன சனிக்கிழமை ஈப்போவில், கைப்பேசிக்கு உறை வாங்கப் பேரங்காடிக்குப் போனவள், வழியில் இருந்த புத்தகக் கடையில் அவளைப் பார்த்துவிட்டு நின்றேன். அதே கலைந்த முடி, இடுப்பில் அதே ஸ்பேனர், பின்னால் குடை பிடித்தபடி அதே அரக்கராஜா. ஆங்கிலப் பதிப்பு, ஒன்பதாவது, கடைசிப் புத்தகம். வாங்கிப் பிரித்து முகர்ந்தேன். புதுத் தாள் வாசனைதான். ஆனாலும் அந்த நாள் வேனின் டீசலும், அதில் தின்ற பீசாங் கோரேங் வாழைப்பழ பஜ்ஜியும் சேர்ந்து மணத்தன. உறை வாங்க மறந்தே போனது.

உங்களுக்கு அவளைத் தெரிந்திருக்காது. ஜப்பானியச் சித்திரக்கதை. லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி கால் இடறி வேறோர் உலகத்தில் விழுகிறாள். அங்கே எல்லாரிடமும் மந்திரம் இருக்கிறது, ஒழுகும் கூரையை அடைக்கத்தான் யாருக்கும் தெரியாது. ஊரையே நடுங்கவைக்கும் அரக்கராஜா தன் கோட்டையில் பதினேழு இடங்களில் வாளி வைத்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கிறான். அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறான். அவனைக் கொல்ல வரும் வீரர்களை அவள் வாசலிலேயே மறித்து, தரை ஈரம், காலணியைக் கழற்று என்பாள். வாளை உருவியவன் குனிந்து கழற்றுவான். அதற்கப்புறம் எங்கே சண்டை போடுவது?

அவளை எனக்கு ஏன் பிடித்தது என்று முதலில் படித்த நாட்களிலேயே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் புரியாது. ஒன்று, அவளும் பட்டியல் போடுகிறாள். இரண்டு, கடைசிவரை அவளுக்கு எந்தச் சக்தியும் வருவதில்லை. மூன்றாவதை அடித்திருக்கிறேன், ஆனாலும் படிக்க முடிகிறது. அவள் பேசினால் கேட்கிறார்கள்.

நான் பாலிடெக்னிக் முடித்து, கமுந்திங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்திருந்த புதிது. பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. நான் சொன்னதை இயந்திரங்கள் கேட்டன. மனிதர்கள் கேட்டது, எங்களை ஏற்றி இறக்கிய தொழிற்சாலை வேனில்தான்.

எங்கள் வீடுகள் சுங்கை சிப்புட் பக்கம். ரப்பர் தோட்டமாக இருந்து எண்ணெய்ச் செம்பனையாக மாறிவிட்ட நிலத்தை ஒட்டிய தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு. மூன்று மணிக்கு வேலை முடிந்தால் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். ஈப்போவில் வாடகைக்கு எடுத்த மலாய்ப் பதிப்பை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கை தேவி அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள, புக்க பின்னாலேருந்து படிக்கிற?"

"ஜப்பான் புக்கு இப்படித்தான்க்கா தொடங்கும்."

"சரி, கதைய மட்டும் முன்னாலேருந்து சொல்லு."

அன்று தொடங்கி எட்டுப் புத்தகங்கள் சொன்னேன், தமிழில். வேனுக்கென்று சட்டங்கள் உண்டாயின. படத்தை எல்லாருக்கும் காட்ட வேண்டும். யாராவது உடம்பு முடியாமல் எம்.சி. எடுத்தால் மறுநாள் அவருக்காக விட்ட இடத்தை மறுபடி சொல்ல வேண்டும். கதாநாயகியின் ஜப்பானியப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அவள் கூரைக்காரி ஆனாள்.

எட்டாவது புத்தகத்தின் கடைசியில் கோட்டைக் கூரையில் ஒரு கதவு திறக்கிறது. அந்தப் பக்கம் அவள் வீடு. போவாளா, இருப்பாளா? ஒன்பதாவது புத்தகம் மலாயில் வரவே இல்லை. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அதே வாரம் தொழிற்சாலையில் அறிவிப்பு ஒட்டினார்கள்: மாதக் கடைசியோடு வேன் கிடையாது. முடிவைச் சொல்லாமல் அவர்களை இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. புத்தகம் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. நான் பேசக் காத்திருந்தவர்கள் அவர்கள் மட்டும்தானே.

கடைசி நாள், கழித்துப்போட்ட ஒரு இயந்திரக் கையேட்டுக்குக் காக்கித்தாளில் அட்டை போட்டுக்கொண்டு ஏறினேன். கிழிந்துவிடும், படம் பிறகு காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு நானே முடிவைக் கட்டினேன். கூரைக்காரி அழுதுகொண்டே கதவை நோக்கி நடக்கிறாள். மூன்றாவது தாளைப் புரட்டினேன்.

"நிறுத்து," என்றார் தேவி அக்கா. பதினான்கு வருடமாக உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் சர்க்யூட் பலகைகளில் குறை கண்டுபிடிப்பவர். "இந்தப் புக்கு மட்டும் ஏன் முன்னாலேருந்து போவுது?"

முன்னாலிருந்து புரட்டியது என் பழக்க தோஷம். அக்கா அதைப் பிடுங்கிப் பிரித்தார். ஹைட்ராலிக் பம்பின் உள்பாகப் படம்.

"ஐயோ, அரக்கராஜா வயித்த அறுத்து வெச்சிருக்கா பாருங்கலா!"

சிரிப்பில் வேன் குலுங்கியது. எனக்குக் காது எரிந்தது. உண்மையைச் சொன்னேன்.

"வரலன்னா வரலன்னு சொல்ல வேண்டியதுதானே லா. நாங்க என்னா சின்னப் புள்ளைங்களா? குடு, நான் சொல்றேன்." கையேட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பிரித்தார். "கதவு தொறந்திருக்கு. அந்தப் பக்கம் அம்மா கூப்புடுது. இவ லிஸ்ட்ட எடுக்குறா. பதினேழு ஓட்டையில பதினாறுதான் அடைச்சிருக்கா. வேலைய பாதியில போட்டுட்டு எவளாச்சும் போவாளா?"

எங்கள் தாமான் முனை வந்துவிட்டது. ஓட்டுநர் முனியாண்டி அண்ணே என்ஜினை அணைத்தார். "முடியட்டும், அப்பறம் எறங்கலாம்."

"கதவுல ஏணிய சாத்துறா. 'அம்மா, நீ இங்குட்டு வா. தேத்தண்ணி குடிப்போம். கடைசி ஓட்டைய அடைச்சிட்டு ரெண்டு பேரும் போலாம்'ங்குறா. அவ்ளோதான்."

வேனில் இருந்த பன்னிரண்டு பேரும் கைதட்டினோம்.

போன சனிக்கிழமை வாங்கி வந்த புத்தகத்தை அன்றே படித்தேன். அதில் அவள் போய்விடுகிறாள், கதவு சாத்திக்கொள்கிறது. அழகான படங்கள். தேவி அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "வரைஞ்சவனுக்குக் கணக்குத் தெரியல லா. ஒரு ஓட்ட பாக்கி இருக்கும், எண்ணிப் பாரு."

எண்ணினேன். கடைசிப் படத்தில் அரக்கராஜா தனியாக உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் ஒரே ஒரு வாளி. பதினேழாவது.

இப்போது என் பிரிவில் ஒன்பது பேர், நான் சொல்வதைக் கேட்டுத்தான் இயந்திரத்தில் கை வைக்கிறார்கள். தாமான்காரர்கள் ஆளுக்கொரு மோட்டாரில் தனித்தனியாக வேலைக்குப் போகிறார்கள். முனையில் வேன் நின்ற இடத்தில் இரும்பு வேலி. வாடகைப் புத்தகக் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கடை. அந்தக் கையேடு மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. நேற்று அதன் காக்கி அட்டையில் 9 என்று எழுதினேன். கடையில் வாங்கியதற்கு 10.